உள்ளங்கையில் ஏறிய மஞ்சள்

காவாந்தண்டலத்தில் மலர்க்கொடியைத் தெரியாதவர்கள் குறைவு. ரவிக்கை தைக்கக் கொடுத்தால் சொன்ன நாளில் கைக்கு வந்துவிடும் என்பது ஒரு காரணம். அவள் பயந்தாங்கொள்ளி என்பது இன்னொரு காரணம். டவுன் பஸ் படியில் எவனாவது தொங்கிக்கொண்டு போனால் இவள் கண்ணை மூடிக்கொள்வாள். மழைக்காலத்தில் கரண்ட் கம்பம் இருக்கும் பக்கமே நடக்கமாட்டாள். தெருப் பெண்கள் அவளைச் சீண்டிச் சிரிப்பார்கள். அவளும் கூடச் சேர்ந்து சிரித்துவிட்டு, கம்பத்தைச் சுற்றிக்கொண்டுதான் போவாள்.

அந்தப் பயம் சும்மா வந்ததல்ல. அவள் பிறந்தது பழையசீவரத்தில். அப்பாவை அவள் நைனா என்பாள். கூலிக்கு ஏர் ஓட்டியவர். கண்ணில் வலி வலி என்று அவர் சொல்லிக்கொண்டே இருந்தார். வெயிலில் நிற்பதால் வருகிறது என்று எல்லோரும் விட்டுவிட்டார்கள். கண்ணுக்குள் அழுத்தம் ஏறியிருந்தது என்று ஆஸ்பத்திரியில் சொன்னபோது பார்வை போய்விட்டிருந்தது, சொல்ல மட்டும்தான் முடிந்தது. கல்யாணம் ஆகிப் போகிறவரை அவரைக் கைபிடித்து ஏரிக்கரைக்கும் டீக்கடைக்கும் கூட்டிப்போனவள் மலர்க்கொடிதான். ஒரு மனுஷன் தன் சோற்றுத் தட்டைத் தடவித் தேடுவதை அவள் தினமும் பார்த்திருக்கிறாள்.

அதனால்தான், ஒரு நாள் பொழுது சாயும் வேளையில் அவள் புருஷன் எல்லப்பன் முழங்கையெல்லாம் சிராய்த்துக்கொண்டு வண்டியைத் தள்ளியபடி வந்து, "எதிர்ல வர்ற லைட்டு பூப்பூவா செதறுது, ரோடே தெரியல," என்று சொன்னபோது அவளுக்கு நைனாவின் தட்டுதான் ஞாபகம் வந்தது.

எல்லப்பன் கூரை வேலைக்காரன். சாலவாக்கம், உத்திரமேரூர்ப் பக்கம் எங்கே மாட்டுக்கொட்டகை, கோழிப்பண்ணை கட்டினாலும் சிமெண்ட் ஷீட் அளந்து அறுத்துப் போட அவனைத்தான் கூப்பிடுவார்கள். அதிகம் பேசமாட்டான். பேச வேண்டிய இடத்திலெல்லாம் ஒரு பீடியைப் பற்றவைப்பான். ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று அவள் கெஞ்சினாள்.

"ஆஸ்பத்திரிக்குப் போனா ஒரு நாள் பொயப்பு போவும். வயசானா கண்ணு மங்கறதுதான். இதுக்கு இன்னா பேஜாரு பண்ற?" என்றான்.

அந்த வாரம்தான் சாலவாக்கத்திலிருந்து பிரபா ரவிக்கைத் துணி எடுத்துக்கொண்டு வந்தாள். பிரபா சுறுசுறுப்பான பெண். துணியோடு கூட ஒரு பையில் சத்து மாவு, மூலிகை டீ, மாத்திரை டப்பா என்று எதையாவது வைத்திருப்பாள். ஏதோ ஒரு கம்பெனியில் சேர்ந்து அதையெல்லாம் விற்றுக்கொண்டிருந்தாள். மலர்க்கொடி கண் விஷயத்தைச் சொன்னதும் பையிலிருந்து ஒரு டப்பாவை எடுத்து நீட்டினாள். அதன் மேல் கேரட்டும் தக்காளியும் துலுக்க சாமந்தியும் பளபளவென்று அச்சடித்திருந்தது.

"கண்ணுக்குன்னே வந்துகீதுக்கா. கேரட்ல கீற சத்து இல்ல, அத்த அப்டியே எடுத்து அடைச்சிக்கீறாங்கோ. கெமிக்கலே கெடையாது. எல்லாம் செடிலேந்து எடுத்தது. ஒரு தப்பும் பண்ணாது."

"டாக்டர்கிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டு குடுக்கலாமா?"

"கேட்டா வேணான்னுதான் சொல்லுவாங்கோ. நம்ம கையாலயே நல்லாயிட்டா அவுங்ககிட்ட யாரு போவா?"

கேரட் என்றால் கேரட்தானே. செடியில் விளைந்தது என்ன செய்துவிடும்? பயந்தவளுக்கு ஒரு பிடிமானம் கிடைத்தால் அதை விடமாட்டாள். ஒரு நாளைக்கு ஒன்று என்று டப்பாவில் போட்டிருந்ததை அவள் காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்று ஆக்கினாள். பிறகு மதியச் சாப்பாட்டுத் தூக்கிலும் ஒன்றை மடித்து வைத்தாள். சீக்கிரம் குணமாகட்டும் என்றுதான். எல்லப்பனின் தம்பி பெயர் சின்னப்பையன், டிராக்டர் ஓட்டுகிறவன். தூசியில் கண் எரிகிறது என்று அவன் சொன்னதும் அவனுக்கும் ஒரு டப்பாவைத் தானே வாங்கிக் கொடுத்தாள்.

நாலு மாதம் போனது. எல்லப்பனின் கண்ணில் பெரிதாக மாற்றம் இல்லை. மாற்றம் வேறு இடத்தில் வந்தது.

ஒரு நாள் மதியம் வேலை இல்லாமல் வீட்டிலேயே சாப்பிட உட்கார்ந்தவன், ரசம் ஊற்றிக்கொள்ளக் கையைக் குழித்துக் காட்டினான். உள்ளங்கை மஞ்சளாக இருந்தது.

"கைல இன்னா?"

"ஒண்ணும் இல்லியே."

"சோப்பு போட்டு கய்வு."

கழுவினான். தேங்காய் நார் போட்டுத் தேய்த்தான். மஞ்சள் அப்படியே இருந்தது. காலைத் தூக்கிப் பார்த்தாள். பாதமும் அதே நிறம். கரண்டி எங்கே விழுந்தது என்று அவளுக்குத் தெரியவில்லை.

போன மழைக்காலத்தில்தான் அதே தெருவில் ஒரு வாலிபன் மஞ்சள் காமாலையில் போய்ச் சேர்ந்திருந்தான். அவன் கிடந்த பாயை அவள் பார்த்திருந்தாள். எதிர்வீட்டு பாக்கியமேரியை ஓடிப்போய்க் கூட்டிவந்தாள். பாக்கியமேரி கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "காமாலயாட்டந்தான் கீது. மொதல்ல கீயாநெல்லி அரச்சிக் குடு. உப்பு சேக்காத," என்றாள். மலர்க்கொடி வரப்பெல்லாம் தேடிக் கீழாநெல்லி பறித்து அரைத்து மோரில் கலக்கிக் கொடுத்தாள். எல்லப்பன் முகத்தைச் சுளித்துக்கொண்டு குடித்தான். காலையில் எழுந்ததும் அவன் கையைத்தான் பார்ப்பாள். வெளிச்சத்தில் கொண்டுபோய்ப் பார்ப்பாள், நிழலில் வைத்துப் பார்ப்பாள். நிறம் குறையவே இல்லை. அந்தக் கவலையிலும் கண் மாத்திரையை மட்டும் அவள் மறக்கவில்லை. உடம்பு கெட்டிருக்கும்போது சத்து கூடுதலாக வேண்டும் அல்லவா?

இந்தத் தடவை எல்லப்பனும் மறுக்கவில்லை. அவனுக்கும் பயம் வந்திருந்தது. உத்திரமேரூர் அரசு ஆஸ்பத்திரியில் நிஷா என்று ஒரு டாக்டரம்மா இருந்தாள். சின்ன வயசு. எல்லப்பனின் கீழ் இமையை இழுத்து ஜன்னல் பக்கம் திருப்பிப் பார்த்தாள். நாக்கை நீட்டச் சொன்னாள். வயிற்றை அமுக்கினாள்.

"பசி இருக்கா? ஒண்ணுக்கு எப்படிப் போகுது?"

"எல்லாம் சரியாத்தாங்க போவுது."

"கண்ணு வெள்ளையாத்தான் இருக்கு. காமாலைன்னா கண்ணுலதான் முதல்ல தெரியும். எதுக்கும் ரத்தம் குடுத்துட்டுப் போங்க." பிறகு பேனாவை நிறுத்தி, "வேற ஏதாவது மாத்திரை, மருந்து சாப்பிடறாரா?" என்று கேட்டாள்.

எல்லப்பன் மனைவியைப் பார்த்தான். மலர்க்கொடி தரையைப் பார்த்தாள். டாக்டருக்குத் தெரியாமல் கொடுத்தது, திட்டுவார்களோ என்ற பயம். "ஒண்ணுங் கெடையாதும்மா," என்று சொல்லிவிட்டாள்.

பஸ்ஸில் வரும்போது எல்லப்பன், "அத்த ஏன் சொல்லல?" என்றான். "அது மருந்தா? கேரட்டு," என்றாள். சொன்ன வாய் கசந்தது. அன்று முழுக்கத் தையல் கோணலாகவே ஓடியது. பொய்யைச் சொன்னதால் டாக்டரம்மா தப்பான வியாதிக்கு வைத்தியம் பார்த்து, அதனால் அவனுக்கு ஏதாவது ஆகிவிட்டால்? இந்த நினைப்பு வந்த பிறகு அவளால் உட்கார முடியவில்லை. ரத்தப் பரிசோதனை முடிவு வாங்கப் போகும்போது எல்லப்பனை வேலைக்கு அனுப்பிவிட்டு, டப்பாவை முந்தானையில் முடிந்துகொண்டு தனியாகவே போனாள்.

"ரத்தத்துல எல்லாம் நல்லா இருக்கும்மா. கல்லீரல்ல ஒண்ணும் இல்ல," என்றாள் நிஷா.

மலர்க்கொடி டப்பாவை எடுத்து மேஜைமேல் வைத்தாள். "அன்னிக்கு பொய் சொல்லிட்டேன்மா. கண்ணு மங்குதுன்னு இத்த தெனிக்கும் மூணு குடுத்துக்கினு கீறேன்."

டாக்டரம்மா திட்டவில்லை. டப்பாவைத் திருப்பிப் பின்பக்கத்துப் பொடி எழுத்தைப் படித்தாள். "அதான் பார்த்தேன். இது பீட்டா கரோட்டின். கேரட்டுக்கு நிறம் குடுக்கறதே இதுதான். ரொம்ப உள்ள போனா அந்த நிறம் தோல்ல தங்கிடும். உள்ளங்கை, உள்ளங்காலுலதான் நல்லாத் தெரியும். நிறுத்தினா கொஞ்சம் கொஞ்சமாப் போயிடும். அந்த மஞ்சளால கெடுதல் இல்ல."

மலர்க்கொடிக்கு உயிர் திரும்பி வந்தது. கும்பிட்டு எழுந்திருக்கப் போனாள். அப்போது டாக்டரம்மா கேட்டாள்: "அவர் பீடி, சிகரெட் எதாவது பிடிப்பாரா?"

"பீடிம்மா. அது ஒண்ணுதான். குடியெல்லாம் கெடையாது."

"எவ்வளவு?"

"ஒரு கட்டு ஆவும். வேல அதிகம்னா இன்னும் கூட."

நிஷா டப்பாவைக் கீழே வைத்தாள். "உக்காருங்கம்மா," என்றாள். மலர்க்கொடி மறுபடி உட்கார்ந்தாள்.

"ரொம்ப வருஷத்துக்கு முன்னாடி வெளிநாட்டுல, சிகரெட் பிடிக்கறவங்களுக்கு இதே சத்தை மாத்திரையாக் குடுத்துப் பார்த்தாங்க. நுரையீரல் கேன்சர் குறையும்னு நம்பித்தான் குடுத்தாங்க. குறையல. மாத்திரை சாப்பிட்டவங்களுக்குத்தான் கொஞ்சம் அதிகமா வந்துச்சு. புகை பிடிக்கறவங்க இதை இப்படித் தனியா, அளவு அதிகமாச் சாப்பிடவே கூடாது. இன்னையோட நிறுத்திடுங்க. ஆமா, என்ன வேலை செய்யறார்?"

"கூர போடுவாரும்மா. சிமெண்ட் சீட்டு அறுக்கறது."

டாக்டரம்மா பேனாவை மூடி வைத்தாள். "அந்தப் பழைய ஷீட்டுல கல்நார் கலந்திருக்கும், அந்தத் தூசியே நுரையீரலுக்கு ஆகாது. அதுல வேலை செஞ்சவங்களும் அந்த ஆராய்ச்சியில இருந்தாங்க," என்றாள் பிறகு, மெதுவாக.

"அப்ப எங்க வூட்டுக்காரருக்கு வந்துடுமாம்மா? நானே எங்கையால குடுத்துட்டனா?"

"அப்படி இல்ல. அவங்க வருஷக்கணக்காச் சாப்பிட்டவங்க. அதுலயும் எல்லாருக்கும் வரல. நாலு மாசத்துல வந்துடும்னு நான் சொல்லமாட்டேன். ஒண்ணுமே ஆகாதுன்னு சத்தியம் பண்ணவும் என்னால முடியாது. இதைவிடப் பெரிய ஆபத்து அந்தப் பீடிதான். அதை விட்டாருன்னா அதைப்போல நல்லது வேற இல்ல. அவரைக் கூட்டிட்டு வாங்க, நெஞ்சு எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கலாம். கண்ணையும் நான் பார்க்கணும்."

வீடு வந்து சேர்ந்தவளுக்குக் கேரட் நிறத்தில் எதைப் பார்த்தாலும் பயமாக இருந்தது. கூடையில் கிடந்த இரண்டு கேரட்டைத் தூக்கி ஆட்டுக்குப் போட்டாள். பரங்கிக்காயைப் பாக்கியமேரிக்குக் கொடுத்தாள். கொடுத்துவிட்டு, அவள் புருஷனும் பீடி பிடிப்பானே என்று நினைவு வந்து ஓடிப்போய்த் திரும்ப வாங்கிவந்தாள். பாக்கியமேரி வாசலில் நின்று அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

எல்லப்பனிடம் சொன்னபோது அவன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டான். "காமால இல்லன்ட்டாங்க இல்ல? அது போதும். மாத்திர வேணான்னா வுட்டுடு," என்று சொல்லிவிட்டுக் காதில் செருகியிருந்த பீடியை எடுத்தான்.

"பீடியதான்யா வுடச் சொன்னாங்கோ."

"மாத்திரய நீ குட்த, நீயே நிறுத்திக்கோ. பீடிய நீயா குட்த?"

அவன் கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் அவளை அறுத்தது. நீதான் கொடுத்தாய் என்ற அந்த ஒரு வார்த்தை அவள் நெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டது. நைனாவின் கண் போனது யாரும் ஒன்றும் செய்யாததால். இவனுக்கு ஏதாவது ஆனால் அது அவள் செய்ததால். அவன் தொண்டையைக் கனைத்தால்கூட அவள் மிஷினை நிறுத்திவிட்டுக் கவனித்தாள்.

சின்னப்பையன் வீடு அடுத்த தெருவில். அவனும் பீடிக்காரன்தான். டாக்டரம்மா சொன்னதை மூச்சுவிடாமல் ஒப்பித்தாள். அவன் டிராக்டர் சக்கரத்தில் சாய்ந்தபடி கேட்டான்.

"இன்னா அண்ணி, நீதான் அமிர்தம்னு குட்த. இப்ப நீயே வெசம்ன்ற. எனுக்கு கண்ணு எரியறது நின்னுபோச்சி. நான் வுடமாட்டேன்."

"வெசம்னு சொல்லலப்பா. பீடி புடிக்கிறவுங்களுக்கு ஆவாதுன்னு..."

"நீ எதுக்குதான் பயப்படல? கரண்ட் கம்பத்துக்கே பயப்படற ஆளு."

ஊர் முழுக்கச் சிரித்த சிரிப்பை அவள் இதுவரை தானும் சிரித்துக் கடந்திருக்கிறாள். அன்றைக்கு முடியவில்லை. உண்மையான ஆபத்தைச் சொல்லும்போதும் யாரும் நம்பாத ஆளாகத் தான் ஆகிவிட்டது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. அவன் மனைவி பரிமளாவிடம் அழுதுவிட்டு வந்தாள். பரிமளாவாலும் ஒன்றும் செய்ய முடியவில்லை. டப்பாவை அவன் டிராக்டர் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டான்.

இரண்டு நாள் கழித்துப் பிரபா தைத்த துணியை வாங்க வந்தாள். அவளைப் பார்த்ததும் மலர்க்கொடிக்கு எங்கிருந்தோ ஆத்திரம் பொங்கியது. வாழ்க்கையில் யாரிடமும் குரல் உயர்த்தாதவள் அன்றைக்கு உயர்த்தினாள். "ஒரு தப்பும் பண்ணாதுன்னு சொன்னியே. பீடி புடிக்கிறாரான்னு ஒரு வார்த்த கேட்டியா?"

"இன்னாக்கா சொல்ற? கேரட்டுக்கும் பீடிக்கும் இன்னா சம்மந்தம்? எங்க மீட்டிங்ல பெரிய பெரிய ஆளுங்கள்ளாம் வந்து சொன்னாங்கோ. இயற்கக்கா அது."

"பொகயிலயுந்தான் செடில வெளயுது."

 மலர்க்கொடி டாக்டரம்மா சொன்னதை எல்லாம் சொன்னாள், இந்தத் தடவை நிதானமாக. கேட்கக் கேட்கப் பிரபாவின் முகம் மாறியது. கடைசியில் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தாள்.

"எங்க நைனா சுருட்டு புடிக்கும்கா," என்றாள்.

பிரபாவின் அப்பா சுப்பிரமணியை மலர்க்கொடி பார்த்திருக்கிறாள். நெடுநெடுவென்று வளர்ந்த மனுஷன், எந்நேரமும் வாயில் சுருட்டு. பிரபா ஒன்றரை வருஷமாக அவருக்கு அந்த மாத்திரையைத் தன் கையால் தண்ணீரோடு கொடுத்துக்கொண்டிருந்தாளாம். அவள் ஏமாற்றி விற்கவில்லை. நம்பித்தான் விற்றிருக்கிறாள். மலர்க்கொடியின் ஆத்திரம் வந்த வழியே போய்விட்டது. பிரபா போனை எடுத்தாள். இரண்டு முறை தப்பாக அழுத்தினாள்.

"நைனா... இன்னிக்கி அந்தக் கண்ணு மாத்திர போட்டியா?... வேணாம். இனிமே போடாத... இல்ல, ஒண்ணும் இல்ல. நான் வந்து சொல்றேன்... சுருட்ட கீய வையி நைனா."

போனைப் பையில் போட்டுப் பையை மூடினாள். பிறகு பிரபாவே எழுந்தாள். "ஒன் கொய்ந்தனாரு வூடு எங்க கீதுக்கா?"

சின்னப்பையன் அண்ணியின் பேச்சை ஒதுக்கலாம். விற்றவளே வந்து வாசலில் நின்று, "அண்ணே, அத்தக் குட்துடுங்க. நான் வித்ததுதான். எங்க நைனாவுக்கே நிறுத்திட்டேன்," என்று கண் கலங்கச் சொன்னால் என்ன செய்வான்? பெட்டியைத் திறந்து டப்பாவைக் கொடுத்தான். "கண்ணு எரிஞ்சா?" என்று மட்டும் கேட்டான். "கண்ணாடி போட்டுக்கினு ஓட்டு," என்றாள் பரிமளா உள்ளேயிருந்து.

எக்ஸ்ரே எடுத்த அன்று மலர்க்கொடி காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. நிஷா படத்தை வெளிச்சத்தில் பிடித்து மேலும் கீழும் பார்த்தாள். "இப்போதைக்குச் சந்தேகப்படற மாதிரி ஒண்ணும் தெரியல. பீடிக்காரங்க நெஞ்சு எப்படி இருக்குமோ அப்படி இருக்கு. இருமல் விடாம வந்தாலோ, சளியில ரத்தம் வந்தாலோ உடனே வரணும்." மலர்க்கொடி தயங்கித் தயங்கிக் கேரட்டைப் பற்றிக் கேட்டாள். டாக்டரம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. "சாப்பாட்டுல கேரட், கீரை, பப்பாளி எல்லாம் தாராளமாக் குடுங்க. சாப்பிடறது வேற, அதைப் பிழிஞ்சு மாத்திரையாக்கி மூணு வேளை முழுங்கறது வேற."

கண்ணுக்கு டார்ச் அடித்துப் பார்த்ததும் விஷயம் தெரிந்துவிட்டது. புரை. இரண்டு கண்ணிலும், வலது பக்கம் முற்றியிருந்தது. எந்தக் கேரட்டும் கரைக்காத புரை. காஞ்சிபுரத்தில் முதலில் வலது கண்ணை அறுவை செய்து லென்ஸ் வைத்தார்கள். மறுநாள் கட்டுப் பிரித்ததும் எல்லப்பன் சுவரைப் பார்த்தான், ஜன்னலைப் பார்த்தான், பிறகு மனைவியைப் பார்த்தான்.

"இன்னா இப்பிடி எளச்சிப் போய்க் கீற?" என்றான்.

அவள் தலையைக் குனிந்துகொண்டு பிளாஸ்க்கைத் திறந்தாள். காபி பாதி கீழே கொட்டியது.

கையின் மஞ்சள் ஒரு மாதத்துக்கு மேல் எடுத்துக்கொண்டு மங்கியது. எப்போது முழுதாகப் போனது என்று அவளுக்கே தெரியவில்லை. அதற்குள் அவள் கவனம் முழுக்க அவன் நெஞ்சுக்கு இடம் மாறிவிட்டது. ஷீட் அறுக்கும்போது தண்ணீர் தெளித்துக்கொள், வாயில் துணி கட்டிக்கொள் என்று சொல்லிச் சொல்லி, இப்போது அவன் துண்டை மூக்கோடு சுற்றிக்கொண்டுதான் ரம்பத்தை எடுக்கிறானாம். கூட வேலை செய்கிறவர்கள் வந்து சொன்னார்கள்.

பீடி நிற்கவில்லை. அதற்காக அவள் போட்ட சண்டை, இருந்த பட்டினி, மாமண்டூர் கோயிலுக்கு நேர்ந்துகொண்டது எதுவும் அவனை அசைக்கவில்லை. ஆனால் போன வாரம் ஒரு நாள் காலையில், வண்டியைக் கிளப்பப் போனவன் திரும்பி வந்தான். சட்டைப் பையிலிருந்து பீடிக் கட்டை எடுத்து நூலைப் பிரித்தான். பாதியைத் தன் பையில் போட்டுக்கொண்டு மீதியைத் தையல் மிஷின்மேல் வைத்தான்.

"இத்த நீ வச்சிக்கோ. கேட்டாலும் குடுக்காத," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

மலர்க்கொடி அந்தப் பீடிகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். சந்தோஷப்படலாமா என்று அவளுக்குத் தெரியவில்லை. போகிற வழியில் கடை இருக்கிறது, வேண்டுமானால் அவன் வாங்கிக்கொள்வான். எழுந்து அவற்றைக் கொண்டுபோய் அடுப்பில் போட்டாள். புகை வந்ததும் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடிவந்தாள்.